அவள் அளவுக்கு ஒரு சைக்கிள்

தொண்ணூறுகளில் தம்பிக்கு மட்டும் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருவேறிக் கிடந்தது. அக்கா மகளுக்குப் பதினொரு வயது. அதுதான் வேண்டும் என்றாள்.

"பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடி கம்பி வச்ச வண்டி? லேடீஸ் சைக்கிள் வாங்கிக் குடு" என்றார் அம்மா.

லேடீஸ் சைக்கிளில் மேல்கம்பியைத் தாழ்த்தியது பெண்ணின் உடலுக்காக அல்ல, அவள் உடுத்திய நீளப் பாவாடைக்காக. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே சைக்கிள் கற்ற பெண்கள் பலர் ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினார்கள். அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்க முடிந்தது.

இருவருமாகப் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்தோம். வெடித்த டயரையும் தேய்ந்த பிரேக் கட்டைகளையும் மாற்றினோம். 170 மில்லிமீட்டர் கிராங்கைக் கழற்றி 152 மாட்டியதும் முழங்கால் மேலேறி இடிப்பது நின்றது. ஹேண்டில் கிட்டே வரக் குட்டையான ஸ்டெம் போட்டோம். பிரேக் லீவரில் இருந்த சின்னத் திருகைத் திருக, லீவர் உள்ளே வந்து அவள் விரலுக்கு எட்டியது.

"சித்தி, என் கைதான் சின்னதுன்னு நெனச்சேன்."

அவள் கையில் குறை இல்லை. எட்டாதபடி செய்துவிட்டு நமக்குப் பலம் போதாது என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு திருகு இருப்பதை அவள் வயதில் எனக்கு யாரும் காட்டவில்லை. ஸ்பானர்களை அவளிடமே கொடுத்துவிட்டேன்.