அடிசமும் அடுத்த லயமும்

அப்புத்தளையிலுள்ள அடிசம் மாளிகையைக் காட்ட மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். அனைவரும் தோட்டத்துப் பிள்ளைகள். 1931 இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் எழுப்பிய கருங்கல் வீடு அது. அவர் பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசலின் மகள்வயிற்றுப் பேரன். கொழும்பு ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பெனியின் தலைவராயிருந்தவர். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் தாம் பிறந்த ஊரின் பெயரையே வீட்டிற்கும் சூட்டினார். தளத்திற்கும் கதவுகளுக்கும் பர்மாத் தேக்கு வந்தது. கல் சுமந்தோர் பெயரை மட்டும் நான் எங்கும் படித்ததில்லை.

இன்று அது பெனடிக்ற் துறவியர் மடம். நூலகமும் வரவேற்பறையும் பழைய தளபாடங்களோடு அப்படியே இருக்கின்றன. அழகிய வேலைப்பாட்டைக் காப்பதில் எனக்கு வழக்கில்லை. துறவியர் செய்யும் ஜாமும் சுவையானதுதான்.

வெளியே வந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், லயத்தை யாரும் இப்படிப் பாதுகாக்க மாட்டாங்களா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயங்களை இடித்துத் தனிவீடு கொடுக்கவேண்டும் என்றே இத்தனை காலமும் பேசிவந்தவன் நான். ஆயினும் 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மனிதரோடு அவர்கள் வாழ்ந்த தடமும் புதையுண்டு போயிற்றே!

கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய லயமொன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருப்பதைச் சொன்னேன். நம் ஊவாவிலும் ஒன்று வேண்டும் என்றேன்.

அவள் சற்று யோசித்தாள்.

“நம்ம லயத்தில இன்னும் நாங்க இருக்கோமே, சேர்!”