யாப்பா வாசலுக்குப் போகும் வழி

மத்தியதரைக் கடலோரத்து யாப்பாவிலிருந்து எருசலேமுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். சிலுவைப் போர்களைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் எருசலேமின் மதிலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சாலைதான் முக்கியமாகப் படுகிறது. நகரைப் பிடிப்பது ஒரு வேலை. கடலிலிருந்து அதற்கு உணவும் ஆளும் போய்ச்சேரும் வழியைக் காப்பது வேறு வேலை, அதுதான் கடினம்.

யாப்பா, விவிலியம் படித்தவர்களுக்கு யோப்பா. 1099 ஜூனில் முதல் சிலுவைப் படை எருசலேமை வளைத்து நின்றபோது மதிலேறும் ஏணிகளுக்குக்கூட மரம் போதவில்லை. அந்த நேரத்தில் ஜெனோவாக்காரர்களின் கப்பல்கள் யாப்பாவுக்கு வந்தன. கப்பலைப் பிரித்து, பலகை, கயிறு, கருவிகள், தச்சர்கள் என்று எல்லாவற்றையும் மலைமேல் கொண்டுபோனார்கள். முற்றுகைக் கோபுரங்கள் எழுந்தன. ஜூலை 15 அன்று நகரம் விழுந்தது. உள்ளேயிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டித் தள்ளினார்கள்.

கடலைவிட்டு நகர்ந்தால் சமவெளி. லித்தாவில் புனித ஜார்ஜின் கல்லறை, பக்கத்திலேயே ரம்லா. எகிப்தின் ஃபாத்திமியப் படை 1101, 1102, 1105 என மூன்று முறை ரம்லாவுக்கு வந்து மோதியது. 1102இல் எருசலேமின் சிலுவைப்போர் மன்னர் முதலாம் பால்ட்வின் எதிரியின் பலம் தெரியாமல் சுமார் 200 குதிரைவீரர்களோடு பாய்ந்து, தோற்று, ரம்லாக் கோபுரத்தில் அடைபட்டார். இரவோடு இரவாக ஒரு குதிரையில் தப்பியதால் அரசு பிழைத்தது. சிலுவைக்காரர்கள் ரம்லாவில் கட்டிய பேராலயம் பிறகு பெரிய பள்ளிவாசலானது. இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது.

லத்ரூனில் சமவெளி முடிந்து குன்றுகள் தொடங்குகின்றன. கோவில் வீரர்கள் எனப்பட்ட போர்த்துறவிகளான டெம்ப்ளர்கள் அங்கே கோட்டை வைத்திருந்தார்கள். எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீன் 1187 அக்டோபரில் சிலுவைக்காரர்களிடமிருந்து எருசலேமை மீட்டார். அதை மறுபடி பிடிக்க இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் படை 1191இல் கடலோரமாகத் தெற்கே வந்தபோது, லத்ரூன் கோட்டையையும் லித்தா தேவாலயத்தையும் சலாவுதீன் இடித்தார். எதிரி தங்க ஒரு கூரையும் மிஞ்சக் கூடாது என்பதுதான் திட்டம்.

அருகிலிருந்த பைத் நூபா என்ற சிற்றூர்தான் மூன்றாம் சிலுவைப் போரின் உண்மையான எல்லை. எருசலேம் அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். 1192 ஜனவரியில் ரிச்சர்ட் அங்கே வந்தார். மழையில் உணவு அழுகியது, ஆயுதம் துருப்பிடித்தது. நகரைப் பிடித்தாலும், யாத்திரை முடிந்தவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், பிறகு காப்பது யார் என்று டெம்ப்ளர்களும், அவர்களைப் போன்ற இன்னொரு போர்த்துறவிச் சபையான ஹாஸ்பிட்டலர்களும் கேட்டார்கள். திரும்பினார். ஜூனில் மறுபடி வந்தார். இப்போது கோடை, நகரைச் சுற்றியிருந்த நீர்த்தொட்டிகளையும் கிணறுகளையும் சலாவுதீன் ஏற்கெனவே கெடுத்து வைத்திருந்தார். மறுபடியும் திரும்பினார். இதைக் கோழைத்தனம் என்றவர்கள் அன்றே இருந்தார்கள். எனக்கென்னவோ, அந்தப் போர் முழுவதிலும் மிகத் தெளிவாக எடுத்த முடிவு அதுதான். செப்டம்பரில் யாப்பாவில் உடன்படிக்கை ஆனது: கடலோரம் சிலுவைக்காரர்களுக்கு, எருசலேம் சலாவுதீனுக்கு, ஆயுதமில்லாத யாத்திரிகர்களுக்கு வழி திறந்திருக்கும். ரிச்சர்டின் ஆட்கள் பலர் போய்க் கும்பிட்டு வந்தார்கள், அவர் போகவில்லை.

சாலையில் லத்ரூனைத் தாண்டினால் பாப் அல்-வாத் கணவாய், செங்குத்தான ஏற்றம். அபூ கோஷில் ஊற்றின்மேல் ஹாஸ்பிட்டலர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் அப்படியே நிற்கிறது.

சாலை எருசலேமின் யாப்பா வாசலில் முடிகிறது. ரிச்சர்டுக்குக் கிடைக்காத நகரம் 1229இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்குக்குச் சண்டையே இல்லாமல் கிடைத்தது. எகிப்தின் சுல்தான் அல்-காமில் பேச்சுவார்த்தையில் கொடுத்தார், கடலுக்குப் போகும் வழியையும் சேர்த்து. அல்-அக்சா பள்ளிவாசல் உள்ள ஹரம் வளாகம் மட்டும் முஸ்லிம்களிடமே இருந்தது. பிரெடரிக் அப்போது போப்பால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் என்பதுதான் வேடிக்கை. 1244இல் மத்திய ஆசியாவிலிருந்து வந்த குவாரஸ்மியக் குதிரைப்படை நகரைப் பறித்தது. 1268இல் எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் யாப்பாவையும் எடுத்துக்கொண்டார். அடுத்ததாக ஒரு கிறித்தவத் தளபதி வெற்றியோடு யாப்பா வாசலுக்குள் நுழைந்தது 1917 டிசம்பரில், ஆங்கிலேயரான ஆலன்பி.