மரப்பெட்டிக்குள் உருவாகும் ருசி

பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம் எந்தத் தோப்புக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது தென்னை. கொக்கோவைப் பார்க்கத் தலையைத் தாழ்த்த வேண்டும். தென்னை விடும் அரைநிழல் அதற்குத் தோதானது. காய்கள் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பறிக்கும்போது காம்படியில் காயம் பட்டால் அந்த இடத்தில் மறுபடி பூக்காது. அதனால் முறுக்கிப் பிடுங்குவதில்லை, வெட்டித்தான் எடுக்கிறார்கள்.

1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே குற்றாலத்துக்குக் கொக்கோ வந்துவிட்டது. ஆனாலும் நம் விவசாயிகளில் பலருக்கு இன்றுவரை அது ஈரக் கொட்டையாக எடைபோட்டுக் கொடுத்துவிடும் ஊடுபயிர்தான். கொட்டை எங்கே போகிறது, என்ன ருசியில் முடிகிறது என்பது தோட்டத்துக்குத் தெரியாது. மைத்துனர்களான ஹரீஷ் மனோஜ்குமாரும் கார்த்திகேயன் பழனிசாமியும் இந்த வழக்கத்தை மாற்றினார்கள். தங்கள் குடும்பத் தோட்டத்துக் கொட்டையைத் தாங்களே புளிக்கவைத்து, காயவைத்து, சாக்லெட்டாக்கி ‘சொக்லெட்’ என்ற பெயரில் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சிறு தயாரிப்பாளர்களும் இந்தக் கொட்டையை வாங்குகிறார்கள். அங்கே சில கட்டிகளின் உறையில் ‘ஆனைமலை’ என்றே அச்சாகியிருக்கிறது. இந்த வளர்ச்சிக்குப் பின்னால் என்ன மாதிரியான கைவேலை இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்குப் போனேன்.

ஒரு தோப்பில் நிழலில் உட்கார்ந்து பெண்கள் காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் கத்தி இல்லை, மரக்கட்டைதான். ஏன் என்று கேட்டேன். “கத்தி வெச்சா கொட்டைல வெட்டு உழுந்துருமுங்க கண்ணு. வெட்டு உழுந்தா பூசணம் புடிச்சுக்கும்” என்றார் மூத்தவர். ஒரே அடியில் ஓடு பிளக்க, வெள்ளைச் சதை மூடிய முப்பது நாற்பது கொட்டைகள் கொத்தாக வெளியே வந்தன. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். சீத்தாப்பழச் சதையின் இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் இருந்தன. சாக்லெட்டின் சாயலே இல்லை.

அந்தச் சாயல் வருவது மரப்பெட்டியில். சதையோடு கொட்டையைக் கொட்டி, வாழையிலை போட்டு, மேலே சாக்கு மூடிவிடுகிறார்கள். காற்றில் இருக்கும் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைத் தின்னத் தொடங்குகிறது. முதலில் கள் வாசம். கிளறி மாற்றிப் போட்டதும் காற்று உள்ளே போய், காடி நெடி கண்ணைக் கரிக்கிறது. வெப்பம் 45 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும் முளை செத்து, உள்ளிருக்கும் ஊதா நிறம் பழுப்பாகிறது, கசப்பும் துவர்ப்பும் தணிகின்றன. இந்த வேலை நடக்காத கொட்டையை எத்தனை நேரம் வறுத்தாலும் சாக்லெட் மணம் வராது. ஒரு நாள் கூடிப்போனாலும் நாற்றம் தட்டிவிடும்.

பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் சாக்கை விலக்கி, முழங்கைவரை கையை உள்ளே விட்டார். பிறகு ஒரு கொட்டையை நெடுக்காக நறுக்கிக் காட்டினார். நடுவில் ஊதா இன்னும் மிச்சம் இருந்தது. “இன்னும் ஆகலீங்க, ரெண்டு நாள் போகோணும்.” என்னைக் கேட்டால், சாக்லெட்டின் தரத்தில் பாதியை முடிவு செய்வது அந்தக் கைதான்.

அதன்பின் ஒரு வாரம் வெயில். ஈரம் ஏழு சதவீதத்துக்கு இறங்கும்வரை துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். மேகம் கறுத்தால் எல்லோரும் ஓட வேண்டும். வறுப்பதும் தோல் புடைப்பதும் நமக்குத் தெரிந்த வேலைகளே. அரைப்பதும் அப்படித்தான். உலகம் முழுக்கச் சிறு சாக்லெட் தயாரிப்பாளர்கள் கொக்கோவை நாள்கணக்கில் அரைக்கும் கல் இயந்திரங்களில் பல, நம் இட்லிமாவு கிரைண்டரிலிருந்து வந்தவை. கோயம்புத்தூர் பக்கத்துக்காரர்கள் இதில் தாராளமாகப் பெருமைப்படலாம்.

2024இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்ததும் உலகச் சந்தையில் ஒரு டன் கொக்கோ 12,000 டாலரைத் தாண்டியது. கேரளத்தில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாய்க்குப் போனது. அடுத்த ஆண்டே விலை பாதிக்கும் கீழே சரிந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபடாமல் இருக்க, தோட்டத்தின் பெயராலேயே விற்கும் தரம் வேண்டும். அதற்கான வழியை ஒரு குடும்பம் காட்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தரத்தைக் கையால் அறிந்து சொல்பவருக்கும், கட்டையால் காய் உடைக்கும் பெண்களுக்கும் சாதாரணத் தோட்டக்கூலி கொடுப்பது நியாயமில்லை. அது தேர்ந்த தொழில். கூலியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை சாக்லெட் வாங்கும்போது உறையைத் திருப்பி, கொட்டை எந்த ஊரில் விளைந்தது என்று பாருங்கள். போட்டிருக்காவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள்.