கட்டிடம் எழும்பிய பிறகு

தங்கையின் மகள் தன் கல்லூரி நண்பர்களோடு ஆப்பிரிக்கக் கிராமமொன்றில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறாள். நிதி கேட்டாள். மனமாரக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எங்கள் மொன்றியலின் கர்தினால் போல் எமில் லேஜேயைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன்.

1950இல் இந்த நகரின் பேராயர், 1953இல் கர்தினால். கியூபெக்கில் அதற்கு மேல் அடைய ஒரு மதகுருவுக்கு அதிகம் இருக்கவில்லை. 1967இல், 63 வயதில், பேராயர் பதவியைத் துறந்து தொழுநோயாளரிடையே பணிபுரிய ஆப்பிரிக்கா போனார். கமரூனின் தலைநகர் யாவுண்டேயில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ஒரு மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். அவர் 1991இல் காலமானார். நிலையம் இன்று கமரூன் அரசின் நிறுவனமாக, அவர் பெயரோடு இயங்குகிறது. என்னை ஈர்ப்பது இதுதான்: அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருந்தார், அவருக்குப் பிறகு அதை நடத்த அந்த நாட்டவர் இருக்கிறார்கள்.

சுவர் எழுப்ப அந்தக் கிராமத்திலேயே மேசன்மார் இருப்பார்கள். அவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும். அடுத்த வருடம் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், மலசலகூடத்துக்குத் தண்ணீர் உண்டா, பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்புவரை வருவார்களா? போவதற்கு முன் இவற்றைக் கேள் என்றேன்.

இலங்கையின் வடக்கில் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு உதவும் பழைய மாணவர் சங்கங்களுக்கு அதிபரையும் ஊரையும் தெரியும். எது குறைகிறதென்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். முன்பின் தெரியாத ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த உறவை ஏற்படுத்திக்கொள்ளக் காலம் வேண்டும். திரும்பி வந்த பிறகும் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரோடு பேசிக்கொண்டிரு, மகள். அடுத்த வருடமும் நான் காசு தருவேன்.