மலையைத் தாண்டிப் போய்

“பஸ்ஸுல ஏழு மணி நேரம் இடுப்பொடிய உட்காரணும் மாமா. பிளைட்டுல ஒரு மணி நேரம்தான்” என்றான் அக்கா மகன். திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தில் இருப்பவை புதுச்சேரியும் சேலம் காமலாபுரமும். நான் பார்த்த தேதியில் கோவையிலிருந்து இரண்டுக்கும் நேர் விமானம் இல்லை. சரி, சென்னையில் இறங்கிப் போய்க்கொள்ளலாம் என்று டிக்கெட் போட்டாயிற்று.

கோவையிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் ஏறத்தாழ 400 கி.மீ. டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்றிருந்தாலும் பறப்பது முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேலேதான். மிச்ச நேரம் தரையில் ஊர்வது. எனக்கு வலப்பக்க ஜன்னல். பாதி வழி தாண்டியதும் வறண்ட சமவெளியில் ஒற்றை மேடு ஒன்று தெரிந்தது. அதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பிறகு வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கோவையையும் சென்னையையும் இணைக்கும் கோடு அண்ணாமலையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் போகிறது! 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை, சுற்றிவர 14 கி.மீ.; மேலிருந்து பார்த்தால் யாரோ கொட்டிவிட்டுப் போன மண்.

அதைத் தாண்டிப் போய் மீனம்பாக்கத்தில் இறங்கி, கிளாம்பாக்கம் வந்து பஸ் பிடித்தேன். செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி. வந்த வழியே திரும்புகிற பயணம்.

திண்டிவனத்தில் பஸ் நின்றபோது ரமணர் நினைவு வந்தது. 1896 ஆகஸ்டில் மதுரையை விட்டுக் கிளம்பிய அந்தப் பதினாறு வயது வேங்கடராமன், பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன் என்று டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் ஓடுவதை வண்டியில் வந்த ஒரு மௌல்விதான் சொன்னாராம். கைக்காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து நடை, கீழூரில் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து மறுபடி ரயில். செப்டம்பர் 1 காலையில் வந்து சேர்ந்தார். மூன்று நாள். அவரிடம் இருந்தது பழைய வரைபடம். என் கைப்பேசியில் இருந்தது புத்தம் புதியது.

காலை ஒன்பதரைக்கு வீட்டை விட்டவன், திருவண்ணாமலையில் கால் வைத்தபோது இரவு எட்டு. ஆட்டோக்காரரிடம் வந்த வழியைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “அன்னமாப் பறந்த பிரம்மாவே முடியைப் பார்க்காமத்தான் சார் எறங்குனாரு. நீங்க பிளைட்டுல வந்தா மட்டும்?”

திரும்பும்போது செங்கம், ஊத்தங்கரை வழியாகச் சேலம் பஸ். பின்பக்கத்து ஜன்னல் சீட்டு. ஊரைத் தாண்டியும் வெகுநேரம் மலை போகவே இல்லை; புளியமரங்களுக்கு இடையில் மறைவதும், திரும்பினால் மறுபடி நிற்பதுமாக இருந்தது. கோவை வந்து சேர ஏழே கால் மணி நேரம். அக்கா மகனுக்கு இன்னும் போன் போடவில்லை.