கல்லில் எழுதிய குடும்பம்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டையும் ராஜா தேசிங்கும்தான் நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கோ இவ்வாண்டு கற்களே நினைவாக இருந்தன. அறிவியல் கண்காட்சியில் எங்களுக்குக் கிடைத்த தலைப்பு ‘புதைபடிவங்கள்’.

“ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏன் படிவங்கள் இல்லை?” என்று எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். “நம் மலைகள் பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இறுகியவை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். அந்தக் குழம்பில் எந்த உயிர் தங்கும்? மணலும் சேறும் படிந்த பாறைகளில்தான் படிவங்கள் இருக்கும். நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் அப்படிக் கிடைத்தவையே” என்றார். பிறகு ஒரு புத்தகத்தைத் திறந்து, கறுப்புப் பலகைக்கல்லில் பென்சிலால் கிறுக்கியது போன்ற ஒரு படத்தைக் காட்டினார். அதுதான் கிராப்டோலைட்!

கிரேக்க மொழியில் இப்பெயருக்கு ‘கல்லில் எழுத்து’ என்று பொருளாம். பார்க்க எழுத்துப் போல் இருந்தாலும், அது கடலில் வாழ்ந்த மிகச் சிறிய உயிர்களின் கூட்டுக் குடும்பம். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இவ்வினம், ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பாறைகளில் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. ராப்டோப்ளூரா என்னும் அதன் நெருங்கிய உறவு இன்றும் கடலடியில் வாழ்கிறது.

இக்குடும்பத்தின் குழந்தைப் பருவம்தான் எங்களைக் கவர்ந்தது. முட்டையிலிருந்து பிறப்பது ஒன்றே ஒன்று. அது தனக்கென ஒரு கூம்பு வடிவ அறையைக் கட்டிக்கொள்கிறது. அதன் பெயர் சிகுலா, அதாவது சிறு குத்துவாள். நீளம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்! முதலில் கூம்பின் நுனிப் பகுதி உருவாகும். பிறகு வாய்ப் பக்கத்தில் இடமிருந்து ஒரு பாதி வளையம், வலமிருந்து ஒரு பாதி வளையம் என்று மாறி மாறிச் சேர்ந்து சுவர் வளரும். அவை சந்திக்கும் கோடு எங்கள் பின்னலைப் போல வளைந்து வளைந்து செல்லும்.

அடுத்து நடப்பதுதான் வியப்பு. அந்த முதல் அறையின் சுவரில் ஒரு துளை உண்டாகும். அதன் வழியாக இரண்டாவது உயிர் அரும்பி வெளியே வந்து தன் அறையைக் கட்டும். அதிலிருந்து மூன்றாவது, பிறகு நான்காவது. இப்படியே இரம்பத்தின் பற்களைப் போல அறைகள் வரிசையாக நீளும். எல்லா அறைகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை.

கல்லுக்குள் நசுங்கிக் கிடந்ததன் குழந்தைப் பருவம் எப்படித் தெரிந்தது? போலந்து நாட்டு அறிஞர் ரோமன் கோஸ்லோவ்ஸ்கி பாறையை அமிலத்தில் கரைத்தார். கல் கரைந்தது, மெல்லிய அறைகள் கரையாமல் முழுதாக வந்தன. போர்க்காலத்தைத் தாண்டி அவருடைய பெரிய நூல் 1949இல் வெளிவந்தது.

அவருக்கு முன்பே இருவர் இத்துறைக்கு உழைத்திருந்தனர். கெர்ட்ரூட் எல்ஸ், எத்தல் வுட் என்ற தோழிகள் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் படித்தவர்கள். பள்ளி ஆசிரியராக இருந்து பேராசிரியரான சார்லஸ் லாப்வொர்த்தின் மேற்பார்வையில், பிரிட்டனின் கிராப்டோலைட்டுகளை விவரித்து ஒரு பெருநூல் செய்தார்கள். 1901 முதல் 1918 வரை அது பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கவே இல்லை! இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்தே வந்தன.

கண்காட்சிக்கு நாங்கள் ஒரு மாதிரி செய்தோம். காகிதக் கூம்பின் மேல் உடைந்த கண்ணாடி வளையல்களைப் பாதி பாதியாக ஒட்டினோம். கூம்பின் பக்கத்தில் துளை போட்டவள் எங்கள் தோழி ஒருத்தி. தேர்வு முடிந்ததும் அவள் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. ஆறாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் அவளுக்குத் தங்கைகள் இருக்கிறார்கள். துளையைப் பார்த்தபடியே, “முதல் அறை பாதியில் நின்றுவிட்டால் மற்றவை எங்கேயிருந்து வரும்?” என்று கேட்டாள். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

எங்களுள் பலர் தம் வீட்டில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் பெண்கள். எங்கள் அம்மாக்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எனவே இம்மலரைப் படிக்கும் பெற்றோரிடம் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்றுதான். மூத்தவளின் படிப்பு அவள் ஒருத்திக்கான செலவு அன்று. அவள் கட்டும் அறையிலிருந்துதான் தங்கைகளின் அறைகள் அரும்பும். அவளை இன்னும் கொஞ்சம் வளர விடுங்கள்!