கண்ணு தெரியுது... ஆளு தெரியல!

வயசானா மறதி வர்றது சகஜம்தானே என்று சொல்லிவிட்டு நாமெல்லாம் நகர்ந்து விடுகிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது மறதி. அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே "இது எதுக்குப்பா?" என்று கேட்டால்? அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பேர் டிமென்ஷியா. முதுமை மறதி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். மறதி அதில் ஒரு பாதிதான் என்பது என் எண்ணம்.

எலெக்ட்ரிக்கல் படிக்கிறவனுக்கு மூளையைப் பற்றி என்ன கட்டுரை என்று நண்பர்கள் சிரிக்கலாம். பரவாயில்லை. பனமலையில் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஆயா (அப்பாவைப் பெற்றவர்) இந்த நோயோடுதான் இருக்கிறார். அவரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் லைப்ரரியில் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து ஆஸ்பத்திரி. 1901-ல் ஆகஸ்ட் டீட்டர் என்ற 51 வயது அம்மாள் அங்கே சேர்க்கப்பட்டார். அவரைப் பார்த்த டாக்டர் அலோயிஸ் அல்ஸைமர். அந்த அம்மாள் காலிஃபிளவரும் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். கீரை என்று பதில் வந்தது. புருஷன் பேரைக் கேட்டால் தன் பேரையே சொன்னாராம். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்து, அதில் கண்ட கோளாறை அதே வருஷம் நவம்பரில் டாக்டர் சபையில் சொன்னார் அல்ஸைமர். டிமென்ஷியா வகைகளில் அதிகம் பேருக்கு வருவது அவர் பேரிலுள்ள இந்த நோய்தான்.

அந்தக் கீரை பதிலைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் ஆயாவுக்குப் புரை ஆபரேஷன் ஆகி, கண் நன்றாகவே தெரிகிறது. ஆனால் பார்த்தது இன்னது என்று சொல்ல வருவதில்லை. நம்ம பாஷையில் சொன்னால் கேமரா ஓகே, உள்ளே போர்டுதான் பழுது. கண் அனுப்புகிற படத்தைச் சேர்த்து, தூரம், ஆழம், ஆள் எல்லாவற்றையும் சொல்வது மூளைதான். அது பழுதானால் வீடே வேறு வீடாகிவிடும்.

எங்கள் வீட்டுத் தரையில் பளபளவென்று டைல்ஸ் போட்டோம். ஆயா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்! மினுக்குவது அவருக்குத் தண்ணீர். வாசலில் கிடந்த கறுப்பு மிதியடி பள்ளம். தாண்டப் போய் விழ இருந்தார். ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டை இருட்டினால் ஓர் ஆள். கண்ணாடியைப் பார்த்து அம்மாவிடம், "யாரோ கெழவி நம்ப ஊட்ல ஒக்காந்துக்கிறா, பாவம், அவளுக்கும் சோறு போடு" என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. எவர்சில்வர் தட்டில் சோறு போட்டால் பாதி அப்படியே கிடக்கும். பசியில்லை என்று நினைத்தோம். பொங்கலன்று வாழை இலையில் போட்டால் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். பச்சையில் வெள்ளைச் சோறு எடுப்பாகத் தெரிகிறது, மினுக்குகிற தட்டில் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்! இப்போது ஆழ்ந்த நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கஷ்டம். "எங்கூட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார். பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடுவது இந்த நோயில் சாதாரணமாம். நான் படித்த படிப்புக்கு ஒரு வேலை செய்தேன். மங்கல் பல்பை மாற்றி, மூலையில் நிழல் விழாதபடி இரண்டு டியூப்லைட், கக்கூஸ் போகிற வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு. குழப்பம் போகவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அன்றாட வேலை எல்லாம் படிப்படியாகச் செய்வதுதானே? டீ போட எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒன்று அறுந்தால் போச்சு. அடுப்பைப் பற்ற வைத்து வெறும் பாத்திரத்தை வைத்தார் ஆயா. அதிலிருந்து ரெகுலேட்டரை மூடியே வைக்கிறோம். ஆனால் மல்லாட்டை உரிக்கக் கொடுத்தால் கை தானாக ஓடுகிறது. வருஷக்கணக்காகப் பழகின கைவேலைக்கு மூளையில் இடமே வேறு, அது கடைசியில்தான் கெடும் என்கிறார்கள்.

முதியோர் பென்ஷன் பணத்தைத் தானே அரிசிப் பானையில் ஒளித்துவிட்டு, "மருமவ எடுத்துக்கினா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். திருட்டுச் சந்தேகமும் நோயின் குணம்தான். இது தெரியாத சில பேர் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு.

டாக்டரிடம் காட்டியபோது முதலில் பி12, தைராய்டு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அந்தக் குறைகளாலும் இப்படி ஆகலாம், அதற்கு மருந்து உண்டு. ஆகவே நண்பர்களே, வயசுதான் என்று விட்டுவிடாதீர்கள். அப்புறம் தேதி கேட்டார்கள். ஆயா பள்ளிக்கூடமே போனதில்லை. இங்கிலீஷ் தேதி அவருக்கு எப்போதும் தெரியாது, அமாவாசைதான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களை அளக்க வேறு கேள்விகள் வேண்டுமென்று 1990களிலேயே ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக ஒரு தேர்வைத் தயாரித்திருக்கிறார்கள்.

2023-ல் வந்த இந்திய ஆய்வின் கணக்குப்படி 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, இந்த நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு, டவுனைவிடக் கிராமத்தில் அதிகம். படிப்புக் குறைவு, காது கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் நோய்க்கு வழி விடும் காரணங்கள் என்று 2024-ல் லான்செட் குழு பட்டியல் போட்டது. படிப்புக் குறைவு! எங்கள் வம்சத்தில் முதல் டிப்ளமோ என்னுடையது. ஆயாவைக் களையெடுக்க அனுப்பியதற்கு எழுபது வருஷம் கழித்தும் வட்டி கட்டுகிறோம் போலும்.

எங்கள் ஊர் மலைக்கோயிலை ராஜசிம்ம பல்லவன் கட்டியது எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒரு சின்னச் சன்னதியில் சுவர் ஓவியம் இருக்கிறது. ஆடுகிற சிவன் ஏறக்குறைய அழிந்துவிட்டார். பார்த்துக்கொண்டு நிற்கிற உமையின் முகம் மட்டும் அப்படியே. ஆயாவும் அப்படித்தான், நேற்று நடந்தது போய்விட்டது, கல்யாணத்துக்கு முந்தின பனமலை ஏரி அப்படியே. என்னைப் பார்த்தால் செத்துப்போன தம்பி என்று நினைத்து, "ஏரி நெரம்பிச்சாடா?" என்கிறார். இல்லை என்று திருத்தினால் அழுகிறார். நெரம்பிச்சு அக்கா என்றால் முகம் மலர்ந்துவிடுகிறது. பொய்தான். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. எனக்கு ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் செலக்ஷன் ஆகியிருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். ஆயாவை யார் பார்ப்பது, ராத்திரி எழுந்து நடந்தால் யார் பிடிப்பது என்று தயங்கி நின்றேன். அம்மா சொன்னது இது: "நீ போடா. ஒன்ன கேட்டா ஏரிக்குப் போயிருக்கான், வந்துடுவான்னு சொல்லிக்கிறேன்."